கால் மரத்த இடம்

பூவளக்கழி என்றொரு உப்பங்கழி. அதன் கரையிலுள்ள ஊரில் ஒரு வழக்கம் உண்டு: மீன் தங்கும் புது மடுவை யார் கண்டுபிடிக்கிறாரோ, அவர் பெயர்தான் அந்த மடுவுக்கு.

கத்தாளை மீன் தண்ணீருக்கடியில் கத்தும். துடுப்பை அமிழ்த்தி, மேல்முனையில் காதை வைத்தால் கேட்கும். அப்படிக் கேட்பதில் சின்னையனை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் அவருக்குக் காது அடைத்துப்போனது மனைவி பவளக்கொடிக்கு மட்டுமே தெரியும். தெரிந்ததாக அவள் காட்டிக்கொள்ளவில்லை. விஷயம் வெளியே வந்து, உனக்கு இனி எதற்குத் தோணி என்று ஊர் சொல்லிவிட்டால் மனுஷன் ஒடிந்துபோவாரே என்று அவளுக்குப் பயம்.

புயலில் பழைய மடுக்கள் எல்லாம் மணல் மூடிப்போயின. சின்னையன் புது மடு தேடிக் கிளம்பினார். நண்டு பொறுக்கப்போவதாகச் சாக்குச் சொல்லி அவளும் தோணியில் ஏறிக்கொண்டாள். தண்ணீர் இறைப்பதுபோல் குனிந்து, அடிப்பலகையில் காதை வைத்தாள். கரகரவென்று சத்தம் கேட்டதும் நிமிர்ந்து, வாயசைவு தெரியும்படி அவர் முகத்துக்கு நேரே சொன்னாள்.

"கால் மரத்துப்போச்சுங்க. செத்த நிறுத்துங்க."

நிறுத்தினார். துடுப்பை அமிழ்த்தி, முனையைக் காதில் வைக்காமல் பல்லால் கடித்துக்கொண்டு கண்ணை மூடினார். பிறகு உதட்டைப் பிதுக்கினார். கெளுத்தியாம். அதுவும் கரகரக்கும், வலை போட்டால் முள்ளால் கிழித்துவிடும். கொஞ்ச தூரத்தில் அவள் கால் மறுபடியும் மரத்தது. அங்கேயும் கெளுத்திதான். உப்பளத்தை ஒட்டிய வெட்டவெளி வளைவில் இன்னொரு முறை மரத்தபோது, துடுப்பைக் கடித்தபடியே அவர் சிரித்தார். வலை போட்டார்கள். தோணி கொள்ளாத கத்தாளை.

கரையில் ஊரே கூடிவிட்டது. யாரும் கேட்பதற்கு முன்பே சின்னையன் வாயைத் திறந்தார்.

"மடுவுக்கு இவ பேர வையுங்க. எனக்குக் காது போயி வருசமாச்சு. இவளுக்குக் கால் மரத்த எடத்துலதான் நான் துடுப்ப வச்சேன்."

பவளக்கொடிக்குக் கண் நிறைந்துவிட்டது. தன் நடிப்பு முழுவதும் தெரிந்துதான் இந்த மனுஷன் சும்மா இருந்திருக்கிறார். இதில் அவர் பெயர் அடிபட்டுப்போக அவள் விடுவாளா?

"நான் வெறுஞ்சத்தத்தத்தான் கேட்டேன். எது கத்தாளை, எது கெளுத்தின்னு பிரிச்சது அவரு. அவரு பேருதான் வைக்கணும்."

இருவரும் விட்டுக்கொடுப்பதாக இல்லை. இப்போது நீங்கள் சொல்லுங்கள்: மடுவுக்கு யார் பெயரை வைப்பது நியாயம்?

விடை: ஒருவர் பெயரை மட்டும் வைப்பது நியாயமில்லை. அவள் கேட்காவிட்டால் தோணி நின்றிருக்காது. அவர் கடித்துப் பார்க்காவிட்டால் வலை கிழிந்திருக்கும். அவள் காதுக்குச் சத்தம் வந்தது பலகை மரத்தின் வழியாக. அவர் பல்லுக்கு அதிர்வு வந்தது துடுப்பு மரத்தின் வழியாக. அவள் சொன்ன பொய்யிலும் மரத்தது கால். ஆகவே ஊரார் அதற்கு 'மரத்து மடு' என்று பெயர் வைத்தார்கள். இங்கே மரமே இல்லையே என்று கேட்கும் வெளியூர்க்காரர்களுக்கு, இன்றும் பவளக்கொடியின் காலைத்தான் காட்டுகிறார்கள்.