சுத்த சைவம்

மடத்துக்கு வருகிறவர்களில் காந்திமதிநாதன் கொஞ்சம் முறைப்பான ஆள். சீடர்தான், ஆனால் குருவைவிட வயதில் மூத்தவர். குரு ஒரு பெண். ஊரில் எல்லோரும் அம்மை என்பார்கள்.

ஆற்றங்கரையில் சின்ன மடம். மதியம் யார் வந்தாலும் சோறு உண்டு. பந்தியில் சாம்பார் வாளி தூக்குவது காந்திமதிநாதன் வேலை. வாளியைத் தொடும் முன் நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொள்வார். அதில் ஒரு கோடு கோணினாலும் மனுஷனுக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. அவர் வீட்டு மாடி வாடகைக்கு இருந்தது. வாசலில் தொங்கும் போர்டில் 'வாடகைக்கு' என்பதைவிட 'சைவம் மட்டும்' என்பதுதான் பெரிய எழுத்தில் இருக்கும்.

அன்றைக்கு அவர் பரிமாறினது சரியில்லை. ரசம் கேட்டவருக்குச் சாம்பார் ஊற்றினார். வேண்டாம் என்று கையை மறித்தவருக்கும் ஊற்றினார். பந்தி முடிந்ததும், வாளியும் கையுமாக நின்றவரை அம்மை கூப்பிட்டு என்ன சங்கதி என்று கேட்டார்.

சங்கதி இதுதான். மகள் கோமதி ஒரு பையனைக் கட்டிக்கொள்ள ஆசைப்படுகிறாள். நல்ல பையன், நல்ல குணம். காந்திமதிநாதனே அதை ஒப்புக்கொண்டார். ஆனால் தூத்துக்குடிக்காரர்கள். மீன் இல்லாமல் அந்த வீட்டில் அடுப்பு எரியாது. அவனைக் கட்டினால் இந்த வாசலை மிதிக்காதே, எனக்கு மகளே பிறக்கவில்லை என்று நினைத்துக்கொள்கிறேன் என்று காலையில் சொல்லிவிட்டு வந்திருந்தார். அவள் உடனே பெட்டியைக் கட்ட ஆரம்பித்துவிட்டாள். சாயங்கால பஸ்ஸுக்கு வேலை பார்க்கிற ஊருக்கே போகிறாள். போனால் திரும்ப மாட்டாள், பிடிவாதத்தில் அவள் தன்னையே உரித்து வைத்தவள் என்றார்.

“நான் சொன்னது சரிதானே அம்மை? நாங்க சுத்த சைவம்.”

வெளியே எச்சில் இலைகளை ஒரு வெள்ளாடு ரசித்துத் தின்றுகொண்டிருந்தது. அம்மை அதைக் கை காட்டினார்.

“அதுவும் சுத்த சைவம்தான் அண்ணாச்சி.”

காந்திமதிநாதனுக்குச் சுருக்கென்றது. சாப்பாட்டில் மட்டுமா இருக்கிறது சைவம், சிவனைக் கும்பிடுகிறவன்தான் சைவன் என்றார்.

வாஸ்தவம் என்றார் அம்மை. பெருமாள் கோயில் தெரு ஐயங்கார், நெற்றி நிறைய நாமத்தோடு ரயிலில் உட்கார்ந்துகொண்டு, சாப்பாடு கொண்டு வருகிறவனிடம் எனக்குச் சைவம் என்கிறாரே, அவர் எப்போது கட்சி மாறினார் என்று கேட்டார். காந்திமதிநாதனுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

சிரிப்பு அடங்கினதும் கோபம் வந்தது. பரம்பரை பரம்பரையாக அப்படித்தான், அப்பா சொல்லிக்கொடுத்தது, அதற்கு மேல் தனக்கு ஒன்றும் தெரியாது என்றார்.

“அப்பா என்ன சொல்லிக்கொடுத்தாவ? அதைச் சொல்லுங்க.”

அவர் யோசித்தார். அப்பா அதிகம் பேசுகிறவர் இல்லை. சின்ன வயதில் ஒரு நாள், பக்கத்து வீட்டில் கறி வாசனை வந்தபோது, நாம் மட்டும் ஏன் தின்பதில்லை என்று இவர் அடம்பிடித்து அழுதிருக்கிறார். அப்பா அடிக்கவில்லை. புராணமும் சொல்லவில்லை. கையைப் பிடித்துச் சந்தைக்குக் கூட்டிப் போனார். கறிக்கடை வாசலில் ஓர் ஆடு கட்டியிருந்தது.

“அது கண்ணைப் பாருலேன்னாவ. பாத்தேன். அதுவும் என்னையே பாத்துது. பாத்துட்டேல்லா, இனிமே உன்னால முடியாது, வா போவோம்னாவ. அவ்வளவுதான் அம்மை. வேற ஒண்ணும் சொல்லலை.”

சொல்லி முடிக்கும் முன்பே குரல் உடைந்துவிட்டது. அப்பாவை நினைத்து அவர் அழுது எத்தனையோ காலம் ஆகியிருந்தது. தோள் துண்டால் முகத்தைத் துடைத்தார். திருநீறும் பாதி அழிந்து போயிற்று. அவர் அதைக் கவனிக்கவில்லை.

அவர் அழுது முடித்ததும் அம்மை கேட்டார்.

“காலையில கோமதிகிட்ட அப்படிச் சொன்னியளே. எங்க பாத்துச் சொன்னிய?”

காந்திமதிநாதன் தலை குனிந்தார். சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துத்தான் சொன்னதாக முணுமுணுத்தார்.

அம்மை அவர் கையிலிருந்த வாளியை வாங்கிக் கீழே வைத்தார். பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கிறது என்றார்.

“வீட்டுக்குப் போங்க. அதே பேச்சை அவ கண்ணைப் பாத்துச் சொல்லுங்க. சொல்ல முடிஞ்சுதுன்னா, அப்புறம் நீங்க மீன் தின்னா என்ன அண்ணாச்சி, தின்னாட்டி என்ன?”