சாமிக்கு வந்த ரசகுல்லா

“சாமி, நாளைக்கு இன்டர்வியூவுக்கு நான் போகலை.”

வந்ததும் வராததுமாக இதைத்தான் சொன்னாள் செண்பகவல்லி. கும்பிடக்கூட மறந்துவிட்டாள்.

குன்றடி மடத்துச் சாமிக்கு அப்போது நல்ல பசி. பசி வந்துவிட்டால் அவருக்கு ஞானமெல்லாம் இரண்டாம்பட்சம்தான்.

“ஏன் தாயி?”

“மூணு வருஷம் மைக்ரோபயாலஜி படிச்சேன் சாமி. கிருமிகளைப் பத்தின படிப்பு. உனக்கு என்ன தெரியும்னு கேட்டா ஒண்ணும் சொல்ல வர மாட்டேங்குது. போன இடத்துல எல்லாம் இதே கதை. நாளைக்குப் பால் கம்பெனி லேப்ல கூப்பிட்டிருக்காங்க. அதுவும் போச்சுன்னா அப்பா ஜவுளிக்கடைக்கு அனுப்பிடுவார். படிச்சது எதுவுமே என்கிட்ட இல்லை போல. பயமா இருக்கு.”

“அப்படியா? சரி, வா, சாப்பிடலாம்.”

பாவம், அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. இதைக் கேட்கவா இரண்டு பஸ் மாறி வந்தோம் என்று நொந்துகொண்டே பந்தியில் சாமிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

சோறு இறங்கவில்லை. நாளைக்குப் போகாவிட்டால் அப்பா முகத்தில் எப்படி விழிப்பது? போனால், மறுபடி ஊமையாக நின்றுவிட்டு வருவதா?

அன்று யாரோ ஒரு பக்தர் தகர டப்பாவில் அடைத்த ரசகுல்லா கொடுத்திருந்தார். மடத்து மேனேஜர் சங்கிலிமுத்து ஒரு டப்பாவைத் திறந்தார். புஸ்ஸென்று காற்று வந்தது. முதல் உருண்டை சாமி இலைக்குப் போனது.

சாமி ஆசையாக அதை எடுத்து வாயருகே கொண்டுபோனார்.

பளீரென்று ஓர் அடி. ரசகுல்லா தரையில் உருண்டது.

“ஏ பொண்ணு! சாமி கையையே தட்டிவிடுறியா? கிறுக்கா உனக்கு?” என்று கத்தினார் சங்கிலிமுத்து.

“மூடி உப்பியிருக்கே, பார்க்கலையா? உள்ளே கிருமி பெருகி வாயு உண்டாகியிருக்கு. யாரும் வாயில வைக்காதீங்க!”

“நல்லாத்தானே மணக்குது?” டப்பாவை முகர்ந்து பார்த்தார் சங்கிலிமுத்து.

“கெட்டுப்போனா நாறணும்னு கட்டாயமா என்ன?”

“கொதிக்க வெச்சுட்டா?”

“கொதிக்க வெச்சாலும் சில விஷம் போகாது. மத்த டப்பாவை எல்லாம் இப்படிக் கொண்டாங்க, நான் பார்க்கணும். கீழே சிந்தினதை வெறுங்கையால தொடாதீங்க. சாமி, நீங்க முதல்ல சோப்புப் போட்டுக் கை கழுவுங்க. எழுந்திரிங்க!”

சாமி எழுந்து போய்க் கழுவிவிட்டு வந்தார். சிவந்த மணிக்கட்டைத் தடவிக்கொண்டார்.

“தாயி, நாளைக்கு இன்டர்வியூவுல யார் கையையும் தட்டிவிட்டுடாதே.”