இடக்கோடி அப்பளம்

ரெஜினா, மாசிலாமணியின் மகள் வயதுக்காரி. ஆனாலும் அவள்தான் குரு. ஓவிய வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற மாசிலாமணி, வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் மறுவாழ்வு மையத்தில் அவளிடம் நோயாளிகளைப் பழக்கும் வேலை கற்றுக்கொள்ள வந்திருந்தார். அவர் அவளை டீச்சர் என்பார், அவள் அவரை சார் என்பாள். பார்க்கிறவர்களுக்கு யார் யாருக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்றே விளங்காது.

மளிகைக்கடை பலவேசம் மாசிலாமணியின் பொறுப்பில் இருந்தார். பக்கவாதம் வந்ததில் பலவேசத்துக்கு இடப்பக்கப் பார்வை போய்விட்டது. போனது அவருக்குத் தெரியவும் இல்லை. இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதையே மூளை மறந்துவிட்டது.

தன் மகளின் நிச்சயதார்த்தப் பந்தியில், “எனக்கு மட்டும் அப்பளம் வைக்கல” என்று சத்தம் போட்டார். அப்பளம் இலையின் இடக்கோடியில் இருந்தது. சம்பந்தி வீட்டார் சிரித்துவிட்டார்கள்.

“கல்யாணப் பந்திக்கு நான் வரல. ரூமுல சாப்பிட்டுக்கிடுதேன்” என்று அன்றைக்கே சொல்லிவிட்டார். மகள் மாசிலாமணியிடம் வந்து அழுதாள்.

அவருக்கு மனசு கேட்கவில்லை. பலவேசத்தை இடப்பக்கம் பார்க்கவைக்க ராத்திரி பகலாக அட்டைகள் வரைந்தார். இடது ஓரத்தில் சிவப்புக் கோடு, அதையொட்டி மயில், தேர், பலாப்பழம். பலவேசம் வலப்பக்கத்து வெள்ளையைப் பார்த்துவிட்டு, “படம் எங்கவே?” என்றார்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் மாசிலாமணி ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தார். பலவேசத்தின் இலையைத் திருப்பிப் போட்டார். நுனி வலப்பக்கம் வந்தது, அப்பளமும் கூடவே வந்தது.

பலவேசத்துக்கு முகம் சிவந்துவிட்டது.

“யாருவே இலையை மாத்திப் போட்டது? எனக்குக் கருமாதியா நடக்கு? நான் இன்னும் சாகல.”

ரெஜினா சிரிப்பை அடக்கிக்கொண்டு இலையை நேராக்கினாள். பலவேசத்துக்கு இடப்பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவர் இலையிலிருந்து அப்பளத்தை எடுத்து, நொறுக்கென்று கடித்தாள்.

பலவேசத்தின் கை நின்றது. “அப்பளச் சத்தம் கேக்கு.”

“ஆமா அண்ணாச்சி.”

“யாரு இலையில உள்ளது?”

“உங்க இலையில உள்ளதுதான்.” இன்னொரு கடி.

தலை மெல்லத் திரும்பியது. பாதி அப்பளத்தோடு ரெஜினா மாட்டிக்கொண்டாள்.

“களவாணிப் பிள்ளை” என்றார் பலவேசம்.

சாயங்காலம் மாசிலாமணி மனத்தாங்கலோடு கேட்டார். “அப்பளம் அவர் கண்ணுல படட்டும்னுதான டீச்சர் இலையைத் திருப்புனேன். அதுல என்ன தப்பு?”

“கல்யாணத்தன்னைக்குச் சொல்லுதேன் சார்.”

அதன் பிறகு தினமும் திருட்டு நடந்தது. பலவேசம் இடப்பக்கம் திரும்பி அப்பளத்தைப் பத்திரப்படுத்திவிட்டுத்தான் சோற்றில் கை வைத்தார். அந்தப் பழக்கம் ஊறுகாய்க்குப் போனது, பிறகு வாசலுக்கும் போனது. வாசல்நிலையின் இடப்பக்கத்தில் தோளை இடித்துக்கொள்வது நின்றது.

கல்யாணத்தன்று பலவேசம் பந்தியில் உட்கார்ந்தார். இடப்பக்கம் சம்பந்தி. பலவேசம் திரும்பித் தன் அப்பளத்தைப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் திரும்பினார். பிறகு மண்டபமே கேட்கிற மாதிரி குரல் கொடுத்தார்.

“ஏ தம்பி, சம்பந்திக்கு அப்பளம் வைக்கலியே, பாக்கக் கூடாதா?”

எதிர்வரிசையில் மாசிலாமணி கண்ணைத் துடைத்துக்கொண்டார். சந்தோஷம் தாங்கவில்லை. பக்கத்தில் இருந்த ரெஜினாவிடம், “இப்ப சொல்லுங்க டீச்சர்” என்றார்.

நல்ல காரியம் நடக்கிற இடம் என்பதால் அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“இலையைத் திருப்புனா கருமாதி, சார். ஆளைத் திருப்புனா கல்யாணம்.”