சம்மட்டிக்கு முன்னால் ஒரு கார்புரேட்டர்

செம்பாறைச் சமஸ்தானத்துக்கு ராஜ்யம் போய் வெகு காலமாகிவிட்டது. மீசை போகவில்லை. தர்பார் போகவில்லை. ஜால்ராக்காரர்களும் போகவில்லை. ஆள்வதற்கு ஊர் இல்லாததால் ராஜா விஜயபூபதி பழைய கார்களை ஆண்டுகொண்டிருந்தார். அவற்றில் பட்டத்து ராணி ஒரு சிவப்பு அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார். அதில் இரண்டு பேர் உட்காரலாம். ராஜா ஏறினால் இன்னொருவருக்கு இடமில்லை.

அதைப் பரிசோதிக்க மெட்ராஸிலிருந்து கோதண்டம் என்றொரு நிபுணர் வந்தார். காரில் இருக்கும் சாமான் பாக்டரியில் பூட்டிய அசலா, பிறகு மாட்டியதா என்று சொல்வது அவர் தொழில். கழுத்தில் டை, கையில் பூதக்கண்ணாடி, வாய் நிறைய இங்கிலீஷ். மனசாட்சிக்குத்தான் இடமில்லாமல் போய்விட்டது.

இன்ஜினுக்குப் பெட்ரோல் ஊட்டும் கார்புரேட்டரைக் கழற்றி மேஜையில் வைத்தார். அதில் குத்தியிருந்த நம்பரைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"இது டூப்ளிகேட், மகாராஜா. எந்த மாசம் செஞ்சதுன்னு இந்த நம்பரே சொல்லுது. கார் வெளியே வந்து ரெண்டு வருஷம் கழிச்சு செஞ்சிருக்கான். புள்ளை பொறந்து ரெண்டு வருஷம் கழிச்சா அதுக்கு நெஞ்சுக்குலை பொறக்கும்?"

தர்பாரே தலையாட்டியது. அந்த நம்பரை வாசிக்கத் தெரிந்தவர் அங்கே கோதண்டம் ஒருவர்தான். ஆனால் தெரியாத விஷயத்துக்குத் தலையாட்டுவதில் செம்பாறைத் தர்பாரை அடித்துக்கொள்ள ஆளில்லை.

"அப்போ என் அசல் எங்கே?" என்று ராஜா கர்ஜித்தார்.

"வண்டியைத் தொடறவனைக் கேளுங்க."

வண்டியைத் தொடுகிறவர் டிரைவர் சவரிமுத்து. பாவம், கைகூப்பிக்கொண்டு ஓடி வந்தார். "எசமான், வாங்குன நாளா இதேதான் இருக்கு. புள்ளைங்க மேல சத்தியமா நான் எதையும் விக்கல."

"பொழுது சாயறதுக்குள்ளே அசல் வரணும். இல்லேன்னா உன்னைப் போலீஸ்ல ஒப்படைப்பேன்!"

கோதண்டம் கனைத்தார். "என்கிட்ட ஒரு அசல் இருக்கு. மகாராஜாவுக்காகத் தர்றேன். இந்தக் குப்பையையும் நானே எடுத்துட்டுப் போய்த் தூக்கிப் போட்டுடறேன்."

அதுவரை மூக்குப்பொடியே கதியென்று உட்கார்ந்திருந்த காரியஸ்தர் குழைக்காதர் நிமிர்ந்தார். மெட்ராஸ் வரைக்கும் குப்பை சுமக்கிற நிபுணரை அவர் கண்டதில்லை.

"சாயங்காலம் வரைக்கும் அந்தக் குப்பை என்கிட்ட இருக்கட்டும், மகாராஜா" என்றார்.

சாயங்காலம் அரண்மனை முற்றத்தில் எல்லாரும் கூடினார்கள். நடுவில் ஒரு கருங்கல். அதன்மேல் சாக்கில் கட்டிய ஒரு மூட்டை. பக்கத்தில் சம்மட்டியோடு கொல்லர்.

குழைக்காதர் சொன்னார்: "மகாராஜா, போலிச் சாமான் அரண்மனையிலே இருந்தா அவமானம். வெளியே போனா அதைவிட அவமானம். ஊரே கைகொட்டிச் சிரிக்கும். தூள் தூளாக்கிடலாம்."

மானம் என்று வந்துவிட்டால் ராஜாவுக்கு யோசனை ஓடாது. மற்ற நேரத்திலும் அதிகம் ஓடியதில்லை.

"அடி!" என்றார்.

சம்மட்டி உயர்ந்தது.

"ஐயையோ, அடிக்காதே!" கோதண்டம் பாய்ந்தார். டை மண்ணில் புரள, மூட்டையைக் கட்டிக்கொண்டு கவிழ்ந்தார். "பாவிகளா, இது பாக்டரி அசல்டா! நம்பர், தேதி எல்லாம் கச்சிதமா இருக்கு! இது மாதிரி இன்னொண்ணு கிடைக்குமா?"

சொன்னது தன் வாய்தான் என்று கோதண்டத்துக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"காலையிலே குப்பை, சாயங்காலம் அசலா?" ராஜா பல்லைக் கடித்தார். பிறகு சவரிமுத்துவைப் பார்த்தார். ராஜாவுக்கே வெட்கமாக இருந்தது. "தப்பு என்னுதுப்பா" என்றார். செம்பாறையில் அந்த வார்த்தையை ஒரு ராஜா சொன்னது அதுதான் முதல் தடவை. சவரிமுத்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

திடீரென்று ராஜா காரியஸ்தர் பக்கம் திரும்பினார். "யோவ் குழைக்காதரே! இவன் வாயைத் திறக்காம நின்னிருந்தா என் அசல் நொறுங்கியிருக்குமே!"

"அது மத்தியானமே கார்ல ஏறிடுச்சு, மகாராஜா. சவரிமுத்துதான் பூட்டினார். எதுக்குன்னு அவருக்கும் நான் சொல்லல."

சவரிமுத்து ஓடிப்போய்ச் சாவியைத் திருப்பினார். சிவப்புக் கார் உறுமியது.

"அப்போ இவன் கட்டிப்பிடிச்சிருக்கிறது என்னய்யா?"

குழைக்காதர் குனிந்து, கோதண்டத்தின் கையை விலக்கி, சாக்கை அவிழ்த்தார். உள்ளே அம்மிக்குழவி. அரைத்த மிளகாய்கூட இன்னும் காயவில்லை.

ராஜா சிரித்த சிரிப்பில் சட்டைப் பொத்தான் தெறித்தது. குழைக்காதருக்கு ஜோடிச் சால்வை வந்தது. சவரிமுத்துவுக்காகச் சொல்லி அனுப்பிய போலீஸும் வந்து, கோதண்டத்தின் தோளில் கை வைத்தது.

குழைக்காதர் குழவியை அவர் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"நிபுணரே, போறதுக்கு முன்னாடி ஒரு தடவை நல்லாப் பார்த்துச் சொல்லிட்டுப் போங்க. இது பாக்டரி அசல்தானே? சமையல்காரர் துவையல் அரைக்கக் காத்துட்டிருக்கார்."