பஞ்சு மெத்தைக்கு அடியில் பேட்டரி

காட்டோரத்துக் குளக்கரையில் ஓர் இலுப்பை மரம் இருந்தது. அதன் நடுக்கிளைப் பொந்தில் வரியம்மா என்ற அணில் மூன்று குட்டிகளோடு குடியிருந்தாள். உச்சிக் கிளையில் கருமாயி என்ற காகம் கூடு கட்டியிருந்தாள். அடிமரத்து வேர்ச் சந்தில் கொம்பன் என்ற பாம்பு சுருண்டு கிடந்தான்.

வரியம்மாவுக்குப் பகலும் கவலை, இரவும் கவலை. கொம்பனுக்கு மரம் ஏறத் தெரியும். அணில் குட்டி என்றால் அவனுக்கு அல்வா மாதிரி!

ஒரு நாள் காட்டைச் சுற்றிப் பார்க்க வந்தவர்கள் சின்ன டார்ச் லைட் ஒன்றைத் தவறவிட்டுப் போனார்கள். வரியம்மா அதைப் பொந்துக்கு இழுத்து வந்தாள். அன்று சாயங்காலம் கொம்பன் மெதுவாக மேலே ஏறி வந்து தலையை நீட்டினான். வரியம்மா பல்லால் பொத்தானை அழுத்தினாள். பளீர்!

"ஐயோ, என் கண்ணு!" என்று கொம்பன் சரசரவென்று இறங்கி ஓடினான்.

அதன் பிறகு வரியம்மாவுக்கு அந்த டார்ச்தான் தெய்வம். அடிக்கடி அழுத்தி அழுத்திப் பார்த்தாள். வெளிச்சம் மங்கிக்கொண்டே வந்தது. கடைசியில் 'டிக்' என்ற சத்தம் மட்டும்தான் வந்தது.

"ஏ கருமாயி! பேட்டரி தீர்ந்துபோச்சுடி! நீ ஊரெல்லாம் சுத்துறவளாச்சே, எங்கேயாவது கிடைச்சா கொண்டு வாயேன்!"

"அதுக்கென்னக்கா! வனத்துறை சோதனைச்சாவடி வாசல்ல ஒரு பெட்டி நிறைய இருக்கு. போடுறவங்க போட்டுட்டுப் போறாங்க, திரும்பிக்கூடப் பார்க்கறதில்லை!"

கருமாயி பறந்து பறந்து எடுத்து வந்தாள். பென்சில் பேட்டரிகள், பொத்தான் மாதிரிச் சின்ன பேட்டரிகள், கூடவே பழைய செல்போன் பேட்டரிகள் இரண்டு. அவை பூரி மாதிரி உப்பியிருந்தன.

"எல்லாத்துக்கும் முனையில டேப் ஒட்டி வச்சிருந்தாங்கக்கா. என் மூக்கில ஒட்டிக்கிட்டு ஒரே பாடு! உரிச்சு எறிஞ்சுட்டேன். இப்ப எவ்வளவு சுத்தமா இருக்கு பாரு!"

"கெட்டிக்காரிடி நீ!"

வரியம்மா டார்ச்சில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாள். ஒன்றும் எரியவில்லை.

"எல்லாம் செத்த பேட்டரி போலிருக்கே!"

"வெயில்ல காய வையிக்கா. உயிர் வந்துடும். ஊர்ல மொட்டை மாடியில வடாம் பக்கத்திலேயே பேட்டரியும் காயுது, நான் பார்த்திருக்கேன்!"

வரியம்மா குளக்கரைப் பாறையில் பேட்டரிகளைப் பரப்பினாள். பாறை சுட்டது. பேட்டரிகளும் சுட்டன. மத்தியானம் இரண்டு பென்சில் பேட்டரிகளை எடுத்துப் போட்டதும் டார்ச் லேசாக மினுங்கியது!

"எரியுதுடி! எரியுது!" என்று வரியம்மா வாலைத் தூக்கிக்கொண்டு குதித்தாள்.

அவ்வளவுதான். இனி ஒன்றையும் விடக்கூடாது என்று முடிவு செய்துவிட்டாள். சூடு ஆறுவதற்குள் பேட்டரிகளைப் பொந்துக்குள் கொண்டுபோய்க் குவித்தாள். மேலே மினுமினுப்பாக இருக்கட்டும் என்று சாக்லேட் சுற்றிய வெள்ளித்தாளைப் போட்டாள். அதற்கு மேல் தேங்காய் நார். நாருக்கு மேல் இலவம்பஞ்சு. பஞ்சு மேல் மூன்று குட்டிகள்!

"குட்டிங்க படுக்கிற இடத்திலயாக்கா வைக்கிறே?" என்றாள் கருமாயி.

"வேற எங்கே வைக்கச் சொல்றே? வெளியே வச்சா கொம்பன் தட்டிவிட்டுடுவான். இதுதான் பத்திரம்!"

உப்பிய பேட்டரி ஒன்றும் டார்ச்சும் உள்ளே போயின. இன்னொரு உப்பிய பேட்டரியும் சில பென்சில் பேட்டரிகளும் பாறையிலேயே காய்ந்துகொண்டிருந்தன. வரியம்மா நிம்மதியாக இலந்தைப்பழம் பொறுக்கக் கீழே இறங்கினாள்.

கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை. கொம்பன் புதரைக் கிழித்துக்கொண்டு வந்தான்.

"அணிலம்மா! ஓடி வா! உன் பொந்தில புகை வருது! குட்டிங்களை வெளியே தூக்கு!"

வரியம்மா ஒரு கல்லின் மேல் தாவி ஏறிக்கொண்டாள். "வெளியே தூக்கணுமா? தூக்கினா நீ வாயைப் பிளந்துகிட்டு கீழே நிப்பே! யாருகிட்டடா உன் வேலையைக் காட்டுறே?"

"திங்கணும்னா உன்னைக் கூப்பிட்டுச் சொல்லிட்டாடி திம்பேன்? நானும் அந்த மரத்திலதான் இருக்கேன்! அது எரிஞ்சா நானும் எரிஞ்சு போவேன்!"

"பொய்! யாருமே தீ வைக்கலையே! மின்னல் இல்லை, இடி இல்லை. தானா எப்படிடா எரியும்?"

"அதுதான் எனக்கும் புரியலை! போய்ப் பாரு!"

'டப்!'

சத்தம் பொந்துக்குள்ளிருந்து வந்தது. வெள்ளைப் புகை குபுகுபுவென்று வெளியே தள்ளியது. வரியம்மாவின் வாயிலிருந்த பழம் விழுந்தது.

"என் குட்டிங்க!"

அவள் எப்படி மரம் ஏறினாள் என்று அவளுக்கே தெரியாது. பொந்தில் கண் எரிந்தது. மூச்சு முட்டியது. பஞ்சுக்கு அடியில் ஏதோ சீறியது. முதல் குட்டியைப் பிடரியில் கவ்வி, பக்கத்துப் புங்கமரத்துக்குத் தாவி, கிளைக் கவட்டில் கிடத்தினாள். திரும்பி ஓடி இரண்டாவதைத் தூக்கினாள். மூன்றாவதற்குத் திரும்பியபோது பொந்தின் வாயில் தீ நின்றது.

"கருமாயி! என்னால உள்ளே போக முடியலைடி!"

கருமாயி பாய்ந்து வந்தாள். எரிகிற நாரைக் கவ்வி ஒரே இழுப்பாக இழுத்து வெளியே எறிந்தாள். வெள்ளித்தாளும் பேட்டரிகளும் நெருப்பும் சேர்ந்து மணலில் விழுந்தன. வரியம்மா கண்ணை மூடிக்கொண்டு புகைக்குள் புகுந்தாள். மூலையில் ஒடுங்கிக் கிடந்த கடைசிக் குட்டியைக் கவ்விக்கொண்டு வந்தாள்.

குட்டி அசையவில்லை. வாலில் முடியே இல்லை.

"கண்ணு! என் தங்கம்! ஒரு சத்தம் கொடேன்!" வரியம்மா அதை நக்கினாள், உருட்டினாள், மறுபடியும் நக்கினாள்.

'கீச்.'

வரியம்மா அப்படியே கிளையில் சாய்ந்துவிட்டாள்.

கீழே மணலில் தீ அடங்கியது போலிருந்தது. கருமாயி கிட்டப் போய் உப்பிய பேட்டரியை எட்டிப் பார்த்தாள். புஸ்ஸென்று அது மறுபடியும் பற்றியது!

"ஐயய்யோ! அணைஞ்சது எப்படி எரியுது?"

"கிட்டப் போகாதே! அது தன்னால அடங்கட்டும்!" என்று கொம்பன் தூரத்திலிருந்து கத்தினான்.

எல்லாம் முழுதாக ஆறிய பிறகுதான் மூவரும் போய்ப் பார்த்தார்கள். ஒரு பென்சில் பேட்டரியின் இரண்டு முனையிலும் வெள்ளித்தாள் கருகி ஒட்டிக்கொண்டிருந்தது. கருமாயிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"தாள் ரெண்டு முனையையும் சேர்த்ததுலதான் பத்திக்கிச்சு! முனை எதிலயும் படக்கூடாதுன்னுதான் டேப் ஒட்டியிருக்காங்க! நான் பாவி, உரிச்சு எறிஞ்சுட்டேனே!"

"நீ உரிச்சே. வெயில்ல சூடேத்தி, வெள்ளித்தாளைப் போட்டு மூடினது நான்தானே!" என்றாள் வரியம்மா. "ஒரு டார்ச்சை எரிய வைக்கத் திராணி இல்லாத பேட்டரி. அதுக்குள்ளே இவ்வளவு நெருப்பா!"

கொம்பன் பெருமூச்சு விட்டான். "எனக்குப் பயந்தே, அது நியாயம். நான் வந்தா கத்தவாவது உனக்கு நேரம் இருந்திருக்கும். எனக்குப் பயந்து எதைக் கொண்டுவந்து குட்டிங்களுக்கு அடியில படுக்க வச்சே பார்த்தியா?"

வரியம்மா புங்கமரத்துக் கவட்டிலிருந்த குட்டிகளை அண்ணாந்து பார்த்தாள்.

பாறையில் மிச்சமிருந்த பேட்டரிகளை யாரும் பொந்துப் பக்கம் கொண்டு போகவில்லை. உப்பிய பேட்டரியை யாரும் தொடவும் இல்லை. சோதனைச்சாவடிக் காவலர் என்னவென்று பார்க்க வரும் வரை கருமாயி பாறைக்கு மேல் கத்திக்கொண்டே சுற்றினாள். வந்தவர் பதறிப்போனார். ஒரு வாளி மணல் கொண்டுவந்து உப்பியதை அதில் பதித்து எடுத்துப் போனார்.

அவர் வருவதற்கு முன்பே வரியம்மாவும் கருமாயியும் பென்சில் பேட்டரிகளை எடுத்து நிழலில் ஒன்றோடொன்று படாமல் தள்ளித் தள்ளி வைத்திருந்தார்கள். வரியம்மா கருவேல மரத்துப் பிசினை எடுத்து வந்து முனைகளில் அப்பினாள். பிசின் காய்ந்ததும் கருமாயி ஒவ்வொன்றாகக் கவ்விப்போய் அந்தப் பெட்டியிலேயே சேர்த்தாள்.

வரியம்மா இப்போது புங்கமரத்தில் இருக்கிறாள். மெத்தைக்கு அடியில் இலையைத் தவிர ஒன்றும் வைப்பதில்லை. கடைசிக் குட்டியின் மொட்டை வாலை நக்கும்போதெல்லாம் அவள் மெத்தையை ஒருமுறை கிளறிப் பார்த்துக்கொள்வாள்.

தீர்ந்துபோனது என்று நாம் நினைக்கும் பேட்டரியிலும் வீட்டை எரிக்கும் தீ மிச்சம் இருக்கும். ஆகவே அதைச் சேர்த்துக் குவிக்காமல், முனையை மூடித் தனித்தனியாக வைத்து, அதற்கென்று உள்ள இடத்தில் உடனே கொடுத்துவிட வேண்டும்.