எண்ணெய் பார்க்காமல் மலை இறங்காதே

மேல்கொம்பைக்காரர்களை முட்டாள்கள் என்று நான் சொல்லமாட்டேன். சொன்னால் அது உண்மைதானா என்று கூட்டம் போட்டு விசாரிப்பார்கள், அதற்குப் போய் உட்கார எனக்கு நேரமில்லை. சொன்னதைச் சொன்னபடி செய்கிற மனிதர்கள், அவ்வளவுதான்.

அந்த மலையூருக்கு இருந்தது ஒரே ஒரு ஜீப். ஏதோ எஸ்டேட் ஏலத்தில் பெரியண்ணன் எடுத்தது. கிளட்ச் கிடையாது, கியரைத் தானே மாற்றிக்கொள்ளும். "வண்டியே யோசிச்சுக்குதப்பா, நமக்கு அந்த வேலை மிச்சம்" என்று ஊரே நிம்மதியடைந்தது.

அன்றைக்குப் பெரியண்ணனின் தம்பி காத்தானுக்குக் கல்யாணம். பெண் தங்காயி, அடிவாரத்து ஊர்க்காரி. மண்டபமும் அங்கேதான். பத்தரைக்குள் தாலி ஏற வேண்டும், தவறினால் அடுத்த முகூர்த்தம் ஆடி கழிந்துதான். காத்தான் ஏற்கெனவே இரண்டு வருஷம் காத்திருந்தவன். தாலியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நிமிஷத்துக்கு ஒரு தரம் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கியர் மாறும்போது வண்டி உதறுகிறதே என்று பெரியண்ணன் காலையிலேயே மெக்கானிக் தஸ்தகீருக்குப் போன் போட்டார்.

"கியர்பாக்ஸ் எண்ணெய் குறைஞ்சிருக்கும். அதைப் பாக்காம மலை இறங்காதீங்க" என்றார் தஸ்தகீர். "பதினஞ்சு கிலோமீட்டராவது ஓட்டி எண்ணெயைச் சூடாக்குங்க. சமதரையில நிறுத்துங்க. இன்ஜினை அணைக்காம அளவுக்குச்சியை உருவி, சுத்தமான துணியில துடைச்சு, திரும்ப விட்டு எடுங்க. ரெண்டு கோட்டுக்கு நடுவுல எண்ணெய் நின்னா தாராளமா இறங்கலாம்." அதோடு சிக்னல் போய்விட்டது.

முதலில் துணிப் பிரச்சினை. ஊரில் சுத்தமான துணி என்று இருந்தது காத்தான் இடுப்பிலிருந்த பட்டு வேட்டி ஒன்றுதான். அவிழ்த்துக் கொடுக்க அவன் சம்மதிக்கவில்லை. "வேணும்னா துணியோட நானும் வரேன்" என்றான். நியாயம்தான் என்று வண்டியில் ஏற்றிக்கொண்டார்கள்.

அடுத்தது சமதரை. டிரைவர் சடையன் ஒரு எலுமிச்சம்பழத்தைத் தரையில் வைத்துப் பார்த்தான். கோயில் வாசலில் உருண்டது. பள்ளிக்கூடத்திலும் உருண்டது. மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் மட்டும் அசையாமல் நின்றது.

"இதான் சமதரை" என்றான் சடையன்.

பெரியண்ணன் குனிந்து பார்த்தார். "பழம் சாணிக்குள்ள நிக்குதுடா. சாணிதான் சமம்."

பழத்தைக் கழுவிக்கொண்டு மூவரும் ஜீப்பில் கிளம்பினார்கள். சீர்த்தட்டோடு காத்திருந்த சொந்தக்காரர்களிடம், "யாரும் ஏறாதீங்க, நாங்க இன்னும் கிளம்பல, சமதரை தேடிட்டு வந்துடறோம்" என்று பெரியண்ணன் சொல்லிவிட்டுப் போனார்.

முதல் கொண்டை ஊசி வளைவில் பழம் உருண்டது. இரண்டாவதில் இன்னும் வேகமாக உருண்டது, சடையன் ஓடிப்போய்ப் பிடித்தான். இப்படி இருபத்திரண்டு வளைவிலும் இறங்கி, வைத்து, துரத்தி, எடுத்து, மலையே முடிந்துபோயிற்று. கடைசியில் ஓரிடத்தில் பழம் அப்படியே நின்றது. நிமிர்ந்து பார்த்தால் எதிரே கல்யாண மண்டபம். மணி பத்து.

பெண்ணின் அப்பா நல்லமுத்து சந்தனக் கிண்ணத்தோடு ஓடிவந்தார். "வாங்க மாப்பிள்ளை, வயித்துல பாலை வாத்தீங்க."

"மாமா, குறுக்க வராதீங்க" என்றார் பெரியண்ணன். "நாங்க இன்னும் ஊர்லேந்து கிளம்பவே இல்ல."

இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, குச்சியை உருவி, காத்தான் வேட்டியில் துடைத்து, திரும்ப விட்டு எடுத்தார்கள். இரண்டு கோட்டுக்கும் நட்டநடுவே எண்ணெய் சிவப்பாக மின்னியது. பெரியண்ணன் முகம் மலர்ந்தது.

"எண்ணெய் சரியா இருக்கு. மலை இறங்கலாம். ஏறுங்க, மேல போய் இறங்குவோம்."

"ஒன்றரை மணி நேரம் ஆகுமேப்பா" என்று நல்லமுத்து தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். காத்தானுக்கு அழுகையே வந்தது. ஆனாலும் முறை என்று ஒன்று இருக்கிறதே, கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டியில் ஏறினான்.

அப்போது தங்காயி மாலையும் கழுத்துமாக வாசலுக்கு வந்தாள். மூவரையும் பார்த்தாள். இந்தக் குடும்பத்தில்தான் இனிமேல் காலம் தள்ள வேண்டும் என்பது அவளுக்கு அந்த நிமிஷமே புரிந்துவிட்டது.

"பெரிய மாமா, இப்ப எண்ணெய் பாத்தது மலை இறங்கறதுக்குத்தானே?"

"ஆமாம்மா."

"ஏறறதுக்குப் பாத்தீங்களா?"

சடையன் மறுபடி குச்சியை உருவப் போனான். தங்காயி தடுத்தாள்.

"இறங்கறதுக்குச் சூட்டுல பாக்கணும்னா, ஏறறதுக்கு ஆறவிட்டுத்தானே பாக்கணும்? ஒரு மணி நேரம் ஆகும். அதுவரைக்கும் சும்மா நிப்பானேன், உள்ள வந்து தாலியைக் கட்டிட்டுப் போகச் சொல்லுங்க."

"புத்திசாலிப் பொண்ணு" என்றார் பெரியண்ணன். எண்ணெய் ஆறுகிற நேரத்தில், எண்ணெய்க்கறை வேட்டியோடு காத்தான் தாலி கட்டினான். மணி பத்து இருபத்தெட்டு. நல்லமுத்து வாய்விட்டு அழுதார், சந்தோஷத்தில்தான்.

பந்தி முடிந்தது. பெரியண்ணன் கைகழுவிவிட்டு வந்து இன்ஜினைத் தொட்டுப் பார்த்தார். "நல்லா ஆறிடுச்சு. சடையா, எடு வண்டிய. மேல போய் மாப்பிள்ளையைக் கூட்டிட்டு வந்துடலாம். பாவம், காலையிலேந்து காத்துக்கிட்டிருப்பான்."

மாலையைக்கூடக் கழற்றாமல் காத்தான் ஓடிவந்து முன்சீட்டில் ஏறினான்.

"நீ எங்கடா?" என்றார் பெரியண்ணன்.

"கூட்டத்துல மாப்பிள்ளை யாருன்னு உங்களுக்கு அடையாளம் தெரியாதுண்ணே" என்றான் காத்தான். "நான் வந்து காட்டுறேன்."