எஸ்தர் டீச்சர் வாங்கி வைத்த போன்

பேராசிரியர் பூதலிங்கம் தம் நாற்பத்தெட்டாம் வயதில், தமக்குப் பள்ளியில் அறிவியல் நடத்திய எஸ்தர் டீச்சரைத் தேடிப் பாளையங்கோட்டைக்குப் போனார்.

"டீச்சர், என் ஆன்லைன் வகுப்புல ஒருத்தரும் பேச மாட்டேங்கிறாங்க."

கல்லூரி முதலில் ஒரு செயலி வாங்கிக் கொடுத்திருந்தது. அதற்குள் நுழைய இரண்டு கடவுச்சொல் வேண்டும். யாரும் நுழையவில்லை. பூதலிங்கம் வாட்ஸ்அப்பில் குழு தொடங்கினார். ஐம்பத்து மூன்று பேரும் அன்றே வந்தார்கள். வந்து கைகூப்பும் படம் போட்டார்கள். மூன்று மாதமாகக் கைகூப்பிக்கொண்டே இருக்கிறார்கள். மூலவருக்கே அத்தனை கும்பிடு விழுந்திருக்காது.

"திங்கட்கிழமைக்குள்ள ஒரு பையனாவது ஒரு கேள்வி கேக்கணுமாம். இல்லேன்னா பதிவு பண்ணின பாடத்தைப் போட்டுட்டு, என்னை ஆபீஸ் வேலைக்கு மாத்திடுவாராம் பிரின்சிபால்."

"யாராவது தப்பாப் பதில் போட்டா என்னடே செய்வே?"

"அரை நிமிஷத்துல திருத்திடுவேன்."

"எழுத்துப்பிழை?"

"அதையும்தான்." குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

"இன்னைக்கு என்ன பாடம்?"

"வளிமண்டல அழுத்தமும் கொதிநிலையும்."

டீச்சர் அவர் போனை வாங்கினார். 'மலையூர்ல பருப்பு வேக ஏன் நேரமாகுது?' என்று பூதலிங்கம் பெயரிலேயே எழுதிக் குழுவுக்கு அனுப்பினார். பிறகு போனை அடுக்களைக்குக் கொண்டுபோய் ரவை டப்பாவுக்குப் பின்னால் வைத்தார்.

"ஒரு மணி நேரம் அங்கயே கெடக்கட்டும்."

கொஞ்ச நேரத்தில் டப்பா உறுமியது. பூதலிங்கம் எழுந்தார்.

"யாரோ தப்பாத்தான் சொல்லியிருப்பாங்க டீச்சர்."

"சொல்லட்டும்."

"திருத்த வேண்டாமா?"

"காப்பி ஆறுது. உன்கூடப் படிச்ச சுடலைமுத்து இப்ப எங்க இருக்கான்?"

சுடலைமுத்து மின்வாரியத்தில் இருந்தான். மாணிக்கராஜ் துபாயில். பேச்சு பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. இரும்புக் கப்பல் எப்படி மிதக்கிறது என்று ஒருநாள் சண்டை. மாணிக்கராஜ் தன் டிபன் பாக்ஸைத் தண்ணீர்த் தொட்டியில் விட்டுப் பார்த்தான். அது சோற்றோடு மூழ்கியது. அன்று மத்தியானம் நாலு பேர் அவனுக்குச் சோறு பங்கிட்டார்கள். அந்தப் புளிக்குழம்பின் வாசனைகூடப் பூதலிங்கத்துக்கு நினைவு வந்தது. கொஞ்ச நேரம் உறுமல் அவர் காதில் விழவில்லை.

ஒரு மணி நேரம் முடிந்ததும் டீச்சர் போனைக் கொடுத்தார்.

எண்பத்து நான்கு செய்திகள். கேஸ் அடுப்புதான் கோளாறு என்றான் ஒருவன். அவனைப் பத்துப் பேர் கேலி செய்திருந்தார்கள். இன்னொருவன் வால்பாறையிலிருக்கும் தன் அத்தையையே குரல்பதிவில் பேச வைத்திருந்தான். குக்கர் இல்லாமல் அங்கே குடித்தனம் நடத்த முடியாது என்றாள் அத்தை. மூன்று மாதமாக வாய் திறக்காத பெனாசிர், மலையில் காற்றழுத்தம் குறைவு, தண்ணீர் சீக்கிரமே கொதித்துவிடும், ஆனால் அந்தச் சூடு பருப்புக்குப் போதாது என்று எழுதியிருந்தாள், நான்கு எழுத்துப்பிழைகளுடன்.

கடைசிச் செய்தி: 'அப்போ எவரெஸ்ட்ல டீ போட்டா நாக்கு சுடாதா சார்?'

"கேள்வி, டீச்சர்," என்றார் பூதலிங்கம். பதில் எழுதப் போன கட்டைவிரலை அவரே மடக்கிக்கொண்டார்.

டீச்சர் காப்பித் தம்ளர்களை எடுத்தார்.

"நம்ம வகுப்புலயும் இதே சத்தம்தானே டீச்சர்," என்றார் அவர். "ஆனா நீங்க எங்கயும் போகலையே. உள்ளேயேதானே இருப்பீங்க. பாதி நேரம் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு, கரும்பலகையைத் துடைச்சுக்கிட்டே இருப்பீங்க. ஒண்ணுமே எழுதாத பலகையை."

"எழுதாத பலகைன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"பார்த்துக்கிட்டே இருப்பேனே."

"அதைப் பார்த்தவன் நீ ஒருத்தன்தான்டே," என்றார் டீச்சர். "மத்தவனுவ எல்லாம் பேசிக்கிட்டுல்லா இருந்தானுவ."